ராக்கெட்பாலில் உங்கள் ஷாட்டின் வேகத்தை அளப்பதும் கூட்டுவதும்: முழுமையான வழிகாட்டி

மூடிய கோர்ட்டுக்குள் ரப்பர் பந்தை ராக்கெட்டால், அதாவது நரம்பு கட்டிய மட்டையால், முன்சுவரில் அடித்து ஆடும் ஆட்டம் ராக்கெட்பால். அதன் முன்னணி ஆண் ஆட்டக்காரர்களின் டிரைவ் சர்வ் (தாழ்வாக, பலமாக அடிக்கும் சர்வ்) மணிக்கு 150 மைலைத் தாண்டும், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். இதில் அதிகம் சொல்லப்படும் எண் 191 மைல், ஏறக்குறைய 307 கிலோமீட்டர். 1986-லும் 1990-லும் உலகச் சாம்பியனான ஹவாய்க்காரர் ஈகன் இனௌயேவின் பெயரோடு வரும் எண் அது.

இந்த எண்ணைக் கேட்டவுடன் புதிதாக ஆட வந்தவர்கள் ஒரு போனையோ ரேடாரையோ எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போகிறார்கள். வரும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒரே ஷாட்டை இரண்டு விதமாக அளந்தால் 40 கிலோமீட்டர் வரை வித்தியாசம் வரும். அதனால் அளக்கும் முறையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். வேகத்தைக் கூட்டுவது அதற்கு அடுத்த வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. எந்த வேகம் என்று முடிவு செய்யுங்கள்

பந்துக்கு ஒரே வேகம் கிடையாது. ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்தில்தான் அதன் உச்ச வேகம். அங்கிருந்து காற்று அதை இழுத்துக்கொண்டே இருக்கும். முன்சுவரில் மோதும்போது இன்னொரு பங்கு போய்விடும்.

ரேடார் காட்டுவது பெரும்பாலும் உச்ச வேகம். ஒலியை வைத்தோ வீடியோவை வைத்தோ நாம் கணக்கிடுவது ராக்கெட்டிலிருந்து சுவர் வரையிலான சராசரி வேகம். சராசரி எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். எதை அளந்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து எடுக்கும் அளவோடு அதை ஒப்பிட முடியாது.

## 2. முன்னதாகத் தேவைப்படுபவை

ஆளில்லாத கோர்ட் வேண்டும். உள்ளே நீங்கள் மட்டும் இருங்கள். முழு வேகத்தில் அடிக்கும்போது பந்து எங்கே திரும்பும் என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியாது.

பாலிகார்பனேட் வில்லை கொண்ட, ராக்கெட் விளையாட்டுகளுக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தனியாக அடிக்கும்போது எதற்கு என்று சிலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஆனால் 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தப் பந்து கண்குழிக்குள் அமுங்கிப் போகக்கூடியது, சுவரில் பட்டு உங்களை நோக்கித்தான் வரும். ராக்கெட்டின் மணிக்கட்டுக் கயிறும் அதே மாதிரி கட்டாயம்.

மற்றவை: ஒலிப்பதிவு செய்யும் போன், அளவு நாடா, தரையில் ஒட்டினால் கறை விடாத டேப், ஒலியை அலைவடிவமாகப் பார்க்க ஒரு மென்பொருள். கணினியில் அடாசிட்டி இலவசம், இந்த வேலைக்கு அதுவே போதும்.

பதினைந்து நிமிடமாவது உடம்பைச் சூடேற்றுங்கள். முதல் ஷாட்டிலேயே முழு பலத்தைப் போட்டால் தோளும் முழங்கையும் தாங்காது.

## 3. பந்தையும் ராக்கெட்டையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்

ரப்பர் பந்து சூடானால் நன்றாக எழும்பும், குளிர்ந்தால் மந்தமாகும். விதிப்படியான துள்ளல் சோதனையிலேயே வெப்பநிலை குறிக்கப்பட்டிருப்பது அதனால்தான்: 70 முதல் 74 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 100 அங்குல உயரத்திலிருந்து விட்டால் பந்து 68 முதல் 72 அங்குலம் எழ வேண்டும்.

பையிலிருந்து எடுத்த பந்தை சில நிமிடம் சுவரில் அடித்துச் சூடாக்கிய பிறகே அளவைத் தொடங்குங்கள். பந்தை அழுத்திப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று கவனியுங்கள். விரிசல் விட்ட பந்தின் சத்தமே தட்டையாக இருக்கும், வேகமும் வராது. ஒரு நாள் அளவு முழுவதும் அதே பந்து, அதே ராக்கெட்.

## 4. தூரத்தைக் குறித்து, போனைச் சரியான இடத்தில் வையுங்கள்

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்தப் படியில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோர்ட் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். முன்சுவரிலிருந்து சரியாக 10 மீட்டரில் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். உங்களுக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கு மேல் இடம் இருக்கும், ராக்கெட்டை வீச அது போதும். 10 மீட்டர் எதற்கென்றால், தூரம் கூடக் கூடச் சிறு பிழைகளின் பங்கு குறையும். பந்தை டேப்புக்கு 20 சென்டிமீட்டர் தள்ளி அடித்துவிட்டால் 10 மீட்டரில் அது 2 சதவீதப் பிழை. 5 மீட்டரில் அதே தவறு 4 சதவீதம்.

இனி போன். ராக்கெட்டில் பந்து படும் சத்தத்துக்கும் சுவரில் படும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரமே நமக்கு வேண்டியது. ஆனால் சத்தமும் பயணம் செய்துதான் போனை அடைகிறது, நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 10 மீட்டரைக் கடக்க அதற்கு 0.029 நொடி ஆகும். சிறியதாகத் தோன்றும். பந்து எடுத்துக்கொள்ளும் நேரமே கால் நொடிக்குள் என்பதால் அது சிறியதல்ல.

ஒரு ஷாட் 10 மீட்டரை உண்மையில் 0.235 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரி வேகம் மணிக்கு 153 கிலோமீட்டர். போன் உங்கள் காலடியில் இருந்தால் சுவரின் சத்தம் தாமதமாக வந்து சேரும், நேரம் 0.264 ஆகத் தெரியும், வேகம் 136 என்று வரும். போன் முன்சுவரடியில் இருந்தால் ராக்கெட்டின் சத்தம் தாமதமாகும், நேரம் 0.206 ஆகச் சுருங்கும், வேகம் 175 என்று வரும். ஷாட் அதேதான். பந்து வேகமாகப் போகப் போக இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

தீர்வு எளிது. அடிக்கும் இடத்துக்கும் சுவரில் படும் இடத்துக்கும் சம தூரத்தில் போனை வையுங்கள். இரண்டு சத்தமும் ஒரே அளவு தாமதிக்கும், கழிக்கும்போது தாமதம் நீங்கிவிடும். வலக்கை ஆட்டக்காரர் வலப்பக்கம் நின்று நேராக முன்சுவருக்கு அடிக்கிறார் என்றால், முன்சுவரிலிருந்து 5 மீட்டரில், இடப்பக்கச் சுவரோரம் தரையில் போன். திரை சுவரைப் பார்த்திருக்கட்டும், முன்னால் ஒரு துணிப்பை இருந்தால் நல்லது. மைக்கை மட்டும் மறைக்காதீர்கள்.

பந்து சுவரில் அரை மீட்டர் இடமோ வலமோ விலகிப் பட்டாலும் இந்த அமைப்பில் பிழை ஒரு சதவீதத்துக்குள்தான் நிற்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

## 5. அடித்துப் பதிவு செய்யுங்கள்

முன்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்குக் கீழே பட்ட ஷாட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கை தானாகவே பந்தை மேலே தூக்கி அடிக்கத் தொடங்கும். ஆட்டத்தில் அப்படி உயரப் போகும் வேகமான பந்து பின்சுவரில் பட்டு எதிராளியின் ராக்கெட்டுக்கே வந்து சேரும்.

பதிவை ஓடவிட்டு, பந்தைத் தரையில் ஒருமுறை விட்டு, எழும்பும்போது டேப்புக்கு நேராக அடியுங்கள். பத்து ஷாட் போதும். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு பதிவில் தேடும்போது உதவும். சுவரில் டேப்புக்கு மேலே பட்டிருந்தால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

## 6. ஒலியிலிருந்து வேகத்தைக் கணக்கிடுங்கள்

பதிவை மென்பொருளில் திறந்து ஒரு ஷாட்டைப் பெரிதாக்குங்கள். மூன்று கூர்மையான எழுச்சிகள் தெரியும்: பந்து தரையில் பட்டது, ராக்கெட் பட்டது, முன்சுவரில் பட்டது. முதல் எழுச்சியையே ராக்கெட் என்று எடுத்துக்கொண்டு, 'என் வேகம் இவ்வளவுதானா' என்று சோர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தரைச் சத்தம் சிறியது. ராக்கெட் சத்தம் நரம்பின் கணீர் ஒலியோடு பெரிதாக இருக்கும்.

எழுச்சியின் உச்சியைக் குறிக்காதீர்கள், அது தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். மூடிய கோர்ட்டில் எதிரொலி அதிகம், உச்சி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் வந்து சேர்வது நேரடிச் சத்தம்தான், எதிரொலி அதற்குப் பிறகே வரும்.

எடுத்துக்காட்டாக, ராக்கெட் 3.412 நொடி, சுவர் 3.647 நொடி. இடைவெளி 0.235. பத்தை 0.235-ஆல் வகுத்தால் நொடிக்கு 42.6 மீட்டர். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 153 கிலோமீட்டர், 2.237-ஆல் பெருக்கினால் மணிக்கு 95 மைல்.

இது சராசரி. கிளம்பிய வேகம் வேண்டுமென்றால், பறந்த தூரத்தில் மீட்டருக்குச் சுமார் 1 சதவீதம் கூட்டுங்கள். 40 கிராம் எடை, 57 மில்லிமீட்டர் விட்டம், காற்றுத் தடைக் கெழு 0.5 என்று எடுத்துக்கொண்டு போட்ட தோராயக் கணக்கு இது. 10 மீட்டருக்கு 10 சதவீதம்: 153 என்பது 168 ஆகும், 95 மைல் என்பது ஏறக்குறைய 105 மைல். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அளந்தது சராசரி, கூட்டியது மதிப்பீடு.

பத்தில் சிறந்த ஒன்றை உங்கள் வேகம் என்று சொல்லாதீர்கள். பத்தையும் ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுங்கள். தற்செயலாக நன்றாகப் பட்ட ஒரு ஷாட் உங்கள் முன்னேற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

## 7. வீடியோவும் ரேடாரும்

வீடியோவில் அளப்பதென்றால் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் வேண்டும். 0.235 நொடிக்கு அதில் 56 பிரேம் கிடைக்கும், ஒரு பிரேம் தவறினால் 2 சதவீதம்தான் பிழை. சாதாரண 30 பிரேம் வீடியோவில் அதே ஷாட் ஏழே பிரேம், ஒன்று தவறினாலே 14 சதவீதம் போய்விடும். அந்த வீடியோவிலிருந்து யாராவது வேகம் சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

ரேடார் பந்தின் பாதைக்கு நேர்க்கோட்டில் இருந்தால் மட்டுமே சரியாகக் காட்டும். 10 டிகிரி விலகினால் ஒன்றரை சதவீதம் குறையும், பொறுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி விலகினால் 13 சதவீதம் குறைத்துக் காட்டும். ஆட்டக்காரருக்குப் பக்கவாட்டில் நின்று ரேடாரைப் பிடிப்பவர்களுக்கு இதனால்தான் எப்போதும் ஏமாற்றமான எண் வருகிறது. கோர்ட்டின் பின்பகுதியில், ஷாட் போகும் கோட்டுக்குப் பின்னால் முக்காலியில் பொருத்துங்கள். திரும்பி வரும் பந்துக்கு எதிரே யாரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

என் விருப்பம் ஒலிமுறைதான். செலவில்லை, பிழை எங்கே நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

## 8. முன்னணி ஆட்டக்காரர்களின் எண்ணோடு ஒப்பிடும் முறை

191 மைல் வேகத்தில் கிளம்பும் பந்து 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.13 நொடி எடுக்கும். உங்கள் இடைவெளியை இந்த 0.13-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைலையும் கிலோமீட்டரையும்விட இந்த ஒப்பீடு நேர்மையானது, ஏனென்றால் நடுவில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை.

அவர்களின் எண்கள் பெரும்பாலும் சர்வில், ரேடாரில், உச்ச வேகமாகச் சொல்லப்படுபவை. அதனால் உங்கள் சராசரியை அதோடு வைக்காதீர்கள், 6-ஆம் படியின் மதிப்பீட்டை வையுங்கள்.

## 9. வேகத்தைக் கூட்டுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ஒன்றை மாற்றுங்கள், சில நாள் பழகுங்கள், மறுபடி பத்து ஷாட் அளந்து பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. கீழுள்ள வரிசையில் முன்னால் இருப்பவை சரியாகாமல் பின்னால் இருப்பவை பலன் தராது.

பந்தைச் சந்திக்கும் இடம். ஃபோர்ஹேண்டில் முன்காலுக்கு நேராக, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில், கை நீண்ட நிலையில் பந்து பட வேண்டும். ராக்கெட்டின் தலை அந்த இடத்தை அடையும்போதுதான் உச்ச வேகத்தில் இருக்கும். புதியவர்கள் பந்தை உடம்போடு ஒட்டி, இடுப்புக்கு நேராகச் சந்திக்கிறார்கள். முழங்கை மடங்கியே இருப்பதால் வீச்சின் நீளம் பாதியில் நின்றுபோகிறது. பேக்ஹேண்டில் சந்திக்கும் இடம் இன்னும் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் அடிக்கும் தோள் அங்கே முன்னால் இருக்கிறது.

பிடி. கைப்பிடியின் அடிமுனையில் பிடியுங்கள். சிலர் சுண்டுவிரலை முனைக்குக் கீழே இறக்கிக்கூடப் பிடிக்கிறார்கள். விதிப்படி ராக்கெட் 22 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குட்டை நீளத்தில் ஓர் அங்குலம் மேலே பிடித்தாலும் இழப்பு தெரியும். பந்து படும் கணம் வரை பிடி தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைகள் பூட்டிக்கொள்ளும், மணிக்கட்டு சுழலாது. பலமாக அடிக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் செய்வது பிடியை இறுக்குவதுதான், அதனால் இதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொள்ள வேண்டும்.

ராக்கெட்டை முன்கூட்டியே தூக்குவது. பந்து வருகிறது என்று தெரிந்தவுடன் முழங்கை தோள் உயரத்துக்கும் ராக்கெட் தலைக்கு மேலேயும் போய்விட வேண்டும். கடைசி நேரத்தில் தூக்கினால் பின்வீச்சும் முன்வீச்சும் ஒன்றாக அவசரப்படும், கை மட்டும்தான் வேலை செய்யும்.

கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு. சக்தி இந்த வரிசையில் மேலே ஏற வேண்டும். முன்கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதைத் தொடர்கிறது, முழங்கை முன்னால் வந்து ராக்கெட்டின் தலை பின்தங்குகிறது, கடைசியில் முன்கையும் மணிக்கட்டும் சுழல்கின்றன. கீழே உள்ள ஒவ்வொரு பெரிய பாகமும் தன் வேகத்தை மேலே உள்ள சிறிய பாகத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது, சாட்டையின் தடித்த முனையில் தொடங்கும் அசைவு மெல்லிய நுனியில் வெடிப்பது போல. வரிசை குலைந்தால், முக்கியமாகத் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பினால், கைமாற்றம் நடக்காது.

இதைப் பழக ஒரு வழி: பந்தில்லாமல் அரை வேகத்தில் வீசி, பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். இடுப்பு சுவரை நோக்கித் திரும்பத் தொடங்கிய பிரேமில் ராக்கெட் இன்னும் பின்னாலேயே இருக்கிறதா? இருந்தால் வரிசை சரி. இடுப்புக்கு முன்பே ராக்கெட் கிளம்பியிருந்தால், அதைத் திருத்தும் வரை முழு வேகத்தில் அடிக்க வேண்டாம்.

வீச்சைத் தொடர்வது. பந்து பட்டதும் ராக்கெட்டை நிறுத்தாதீர்கள். பந்து ஏற்கெனவே போய்விட்டது, அதனால் தொடர்ச்சி அதற்கு நேரடியாக வேகம் தராது. ஆனால் நிறுத்தப்போகிற கை, படுவதற்கு முன்பே மெதுவாகத் தொடங்கிவிடும். தோளுக்கும் அது நல்லதல்ல.

கருவி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நரம்பின் இழுவிசையைக் கொஞ்சம் குறைத்தால் பந்து கூடுதலாக எகிறும், கட்டுப்பாடு குறையும். உங்கள் பத்து ஷாட்டும் டேப்புக்குக் கீழே விழும் நிலை வராமல் இதைத் தொட்டால், வீச்சிலுள்ள குறை எது, நரம்பு தந்தது எது என்று பிரித்தறிய முடியாது.

முழு பலத்தில் அடிக்கும் ஷாட்டுகளை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இறங்கத் தொடங்கினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். களைத்த உடம்பு கால், இடுப்பை விட்டுவிட்டுத் தோளை மட்டும் நம்பும், தவறான வரிசைதான் பழக்கமாகும்.

## 10. அதை டிரைவ் சர்வுக்குக் கொண்டுபோங்கள்

சர்வ் பகுதி முன்சுவரிலிருந்து 15 அடிக்கும் 20 அடிக்கும் இடையில் உள்ள ஐந்தடிப் பட்டை. அதன் முன்கோடு சர்வ் கோடு, பின்கோடு ஷார்ட் லைன். இந்தப் பட்டைக்குள் இரண்டு எட்டு வைத்து அடிப்பதே பொதுவான முறை. முதல் எட்டு சிறியது, இரண்டாவது நீண்டது. இரண்டாவது எட்டில் முன்கால் சர்வ் கோட்டைத் தாண்டி நீளலாம், ஆனால் பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ உள்ளேயோ இருக்க வேண்டும்.

பந்தை உயரத்திலிருந்து விடாதீர்கள். முழங்கால் உயரத்திலிருந்து, முன்கால் ஊன்றப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் விடுங்கள். உயரமாக எழும் பந்துக்காகக் காத்திருந்தால் கால் எட்டும் வீச்சும் பிரிந்துபோகும்.

பந்து முதலில் முன்சுவரில் பட்டு, ஷார்ட் லைனைத் தாண்டித் தரையில் விழ வேண்டும். தாண்டாவிட்டால் ஃபால்ட், அதாவது செல்லாத சர்வ்; தரையில் படாமல் பின்சுவரைத் தொட்டாலும் ஃபால்ட். வேகம் கூடக் கூட இந்த இடைவெளிக்குள் பந்தை விழவைப்பது கடினமாகும்: முன்பு சரியாக விழுந்த உயரத்திலேயே இப்போதும் அடித்தால் பந்து நீண்டு போய்ப் பின்சுவரிலிருந்து மெதுவாகத் திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு முறை வேகம் கூடும்போதும் முன்சுவரில் குறிவைக்கும் உயரத்தை ஒரு கையகலம் இறக்கிப் பாருங்கள், பந்து ஷார்ட் லைனைத் தாண்டுகிறதா என்று கவனித்து மீண்டும் சரிசெய்யுங்கள்.

சர்வை அளக்கும்போது தூரம் 5 மீட்டர்தான், போனின் இடம் அதில் பாதிக்கு நகர வேண்டும். கால் எட்டு வைப்பதால் பந்து படும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும், ஆகவே பக்கவாட்டில் ஒரு வீடியோவும் ஓடட்டும், பட்ட இடத்தை டேப்போடு ஒப்பிட்டுத் தூரத்தைத் திருத்துங்கள். காற்றுத் தடைக்கு இங்கே 5 சதவீதம் மட்டும் கூட்டினால் போதும்.

இடக்கை டிரைவ் சர்வுக்குப் பெயர்போன கிளிஃப் ஸ்வெயினின் பழைய ஆட்டங்கள் கிடைத்தால் பார்க்கும்போது பந்தைப் பின்தொடராதீர்கள், அவருடைய காலையும் இடுப்பையும் மட்டும் பாருங்கள். பிறகு உங்கள் சர்வ் வீடியோவையும் அதே மாதிரி, காலிலிருந்து தொடங்கிப் பார்த்து, எந்த இடத்தில் வரிசை முறிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து ஷாட்டை அங்கிருந்து தொடங்கலாம்.